தெரிந்தவனிடம் சொல்லும் செய்தி

கோடைக்காலச் சாயங்காலம். காந்திபுரம் பக்கம் ஒரு பேக்கரி. பப்ஸ் தீர்ந்துவிட்டது, டீ மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டென்று கரண்ட் போகிறது. "ஏனுங்ணா, கரண்டு எப்பங்ணா வரும்?" என்று கேட்கிறான் ஒரு கல்லூரிப் பையன். கல்லாவில் இருப்பவர் குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டு, "கோடையில இதெல்லாம் சாதாரணமப்பா" என்கிறார். நிற்கிற ஏழெட்டுப் பேரும் சிரிக்கிறார்கள். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, எந்த ஊர்ப் பேக்கரியிலும் இதைப் பார்க்கலாம்.

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. கரண்ட் எப்போது வரும் என்பது அவனுக்கு இப்போதும் தெரியாது. கடைக்காரர் சொன்னதில் புதுச் செய்தி எதுவும் கிடையாது; அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் முன்பே தெரியும். தெரிந்ததால்தான் சிரித்தார்கள். மொழி என்பது ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குத் தெரிவிக்கும் கருவி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு இந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

1992இல் பவித்ரன் இயக்கத்தில் வந்த 'சூரியன்' படத்தில் கவுண்டமணிக்குப் பன்னிக்குட்டி ராமசாமி என்ற அரசியல்வாதி வேடம். டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு பெரிய இடத்து ஆட்களிடம் பேசுவதுபோல ஒரே ஆர்ப்பாட்டம் செய்வார். அந்த போனின் ஒயரே அறுந்து கிடக்கிறது என்பது எல்லார் முன்னாலும் அம்பலமாகும். வேறொருவராக இருந்தால் முகம் செத்துப்போகும். அவர் ஒரு நொடிகூடத் தயங்காமல், "அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா" என்பார். அவ்வளவுதான் காட்சி. அந்த வாக்கியம் அதற்குப் பிறகு படத்தை விட்டு வெளியே வந்து, சட்டசபைச் செய்தி, ஹாஸ்டல் சண்டை, கல்யாண வீட்டுக் குழப்பம் என்று எல்லா இடத்திலும் குடியேறிவிட்டது.

அதைப் பேசியவர் 1939இல் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்து வல்லகுண்டபுரத்தில் பிறந்தவர். நாடக மேடையில் பழகி சினிமாவுக்கு வந்தவர். எந்த இடத்தில் நிறுத்தினால் சனம் சிரிக்கும், எந்த எழுத்தை இழுத்தால் பின் வரிசைவரை போய்ச் சேரும் என்பதை மேடைதான் கற்றுக்கொடுக்கும். அவர் மட்டும் இல்லை. சூலூர் மணிவண்ணன், கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து வெள்ளாங்கோயில் பாக்யராஜ், கோவையின் சத்யராஜ், கோவை சரளா என்று ஒரு தலைமுறையே கொங்குப் பேச்சின் குசும்பைக் கோடம்பாக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனது. ஆனால் இந்தக் கலைஞர்கள் பேசிய வசனங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் ஒரு கைப்பிடிதான் ஊர்வாயில் நின்றது. ஏன் அவை மட்டும்?

இந்தக் கேள்விக்கு ஓரளவு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டானெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில் என்பவரும் ஜான் கிளைன்பெர்க், லிலியன் லீ உள்ளிட்டோரும் ஏறத்தாழ 1,000 ஆங்கிலப் படங்களின் வசனங்களை எடுத்துக்கொண்டு 2012இல் வெளியிட்டது. புகழ் பெற்ற ஒரு வசனம். அதே படத்தில், அதே பாத்திரம், ஏறக்குறைய அதே இடத்தில், அதே நீளத்தில் பேசிய, ஆனால் யார் நினைவிலும் நிற்காத இன்னொரு வசனம். இரண்டையும் ஜோடி ஜோடியாக நிறுத்தி ஒப்பிட்டார்கள். இப்படிச் செய்ததால் நடிகரின் புகழ், படத்தின் வெற்றி, காட்சியின் பரபரப்பு எல்லாம் இரு பக்கமும் சமமாகிவிட்டன. மிஞ்சியது சொற்கள் மட்டுமே. படத்தையே பார்க்காதவர்களிடம் ஜோடிகளைக் காட்டி எது புகழ் பெற்றது என்று கேட்டபோது, 100க்குச் சுமார் 78 தடவை சரியாகச் சொன்னார்கள். வசனத்தின் உடம்பிலேயே ஏதோ ஓர் அடையாளம் இருக்கிறது என்று அர்த்தம்.

அவர்கள் கண்ட அடையாளங்கள் இரண்டு. நினைவில் நிற்கும் வசனத்தில் சொற்கள் வழக்கத்துக்கு மாறானவை. ஆனால் அவை உட்கார்ந்திருக்கும் வாக்கிய அமைப்பு எல்லாரும் தினமும் பேசுவதுதான். இது முதலாவது. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் ஆல் இன் ஆல் அழகுராஜாவாக வரும் கவுண்டமணி, விளக்கு வாடகைக்குக் கேட்டு வந்தவரைப் பார்த்து, "பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா?" என்று கேட்பார். மேண்டிலை செந்தில் ஏற்கெனவே நாசம் பண்ணியிருப்பார். வாக்கியத்தைப் பாருங்கள். '...யேதான் வேணுமா' என்பதை நாம் கடையிலும் வீட்டிலும் எத்தனை முறை சொல்கிறோம்! அந்தப் பழகின தடத்தில் 'பெட்ரோமாக்ஸ்' என்ற முரட்டுச் சொல் வந்து விழுகிறது. வாய் தடுக்காமல் ஓடுகிறது, காது மட்டும் தடுக்கி நிற்கிறது.

இரண்டாவது அடையாளம், பிறந்த இடத்தை விட்டுப் பெயரக்கூடிய தன்மை. புகழ் பெற்ற வசனங்களில் 'அவன்', 'அவள்' போன்ற படர்க்கைச் சொற்கள் குறைவு. இறந்தகால வினைகளும் குறைவு. இவை இரண்டும் ஒரு வாக்கியத்தைக் கதையோடு சேர்த்துக் கட்டிவிடுபவை. "அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா" என்பதில் ஆள் பெயர் இல்லை, நடந்துபோன சம்பவம் இல்லை, வினைச்சொல்லே இல்லை. 'இதெல்லாம்' எதைக் குறிக்கிறது? அந்த நிமிஷம் கண்ணெதிரே எது நடக்கிறதோ அதை. ஒயர் அறுந்த போனாகவும் இருக்கலாம், கட்சி தாவிய எம்.எல்.ஏ.வாகவும் இருக்கலாம். 'அரசியல்ல' இருக்கும் இடமோ ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ள வசதியானது. கல்லாக்காரர் அங்கேதான் 'கோடையில' என்று போட்டார். ஓர் இடம் மட்டும் காலியாக, மற்றது அச்சாக நிற்கும் இத்தகைய வாக்கியங்களுக்கு ஆங்கில மொழியியலில் 2004 முதல் 'ஸ்னோகுளோன்' என்று ஒரு பெயரே புழங்குகிறது.

இத்தனை பொருத்தம் இருந்தும் வெற்றி நிச்சயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006இல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 14,341 பேரைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, பேர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை இறக்கிக்கொள்ள விட்டார்கள். தன் உலகத்தில் மற்றவர்கள் எதை எத்தனை முறை இறக்கினார்கள் என்பது பெரும்பாலானோருக்குத் தெரியும். ஓர் உலகத்தில் உச்சிக்குப் போன பாட்டு இன்னோர் உலகத்தில் நடுவில் கிடந்தது. மிக மோசமான பாட்டு அபூர்வமாகவே ஜெயித்தது. மிக நல்ல பாட்டு அபூர்வமாகவே தோற்றது. இடைப்பட்ட எல்லாவற்றின் தலைவிதியும் தற்செயலின் கையில். 'சூரியன்' இன்னொரு முறை வெளியானால் வேறொரு வரி ஊர்வாயில் நின்றிருக்கவும் கூடும்.

இனி பரவும் விதத்துக்கு வருவோம். பேச்சு பரவுவதைப் பற்றி எழுதுகிற எல்லாரும் தொற்றுநோயின் கணிதத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927இல் தந்த சமன்பாடுகள் அவை. ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் 'மீம்' என்ற சொல்லை உருவாக்கியபோதும், மூளைக்கு மூளை தொற்றிச் செல்லும் ஒன்றாகவே அதைக் கற்பனை செய்தார். 1964இல் டேலி, கெண்டல் என்ற இருவர் நோய்க்கும் வதந்திக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டினார்கள். நோயாளி நோயாளியைச் சந்தித்தால் ஒன்றும் ஆகாது. வதந்தி சொல்பவர், ஏற்கெனவே அதைக் கேள்விப்பட்டவரைச் சந்தித்தால் சப்பென்று ஆகிவிடும். "அட, இது தெரியாதா எனக்கு?" என்று எதிராளி சொன்னதும் இவருக்குச் சொல்லும் ஆசையே போய்விடும். அந்தக் கணக்கின்படி, ஊரில் ஏறத்தாழ 20 சதவீதம் பேரின் காதுக்கு எட்டாமலேயே வதந்தி அடங்கிவிடும். தெரிந்தவர்கள்தான் வதந்தியைக் கொல்கிறார்கள்.

பேக்கரிக்குத் திரும்பிப் பார்த்தால் நடப்பது இதற்கு நேர் எதிரானது. கடைக்காரர் சொன்னதும் யாரும் "இது பழசு" என்று திரும்பிக்கொள்ளவில்லை. தெரிந்தவர்கள் சிரித்தார்கள். யாருக்கும் தெரியாத இடத்தில் அதைச் சொல்லியிருந்தால்தான் செத்திருக்கும். சென்னையைத் தாண்டிப் போய் நாக்பூரில் சொன்னால் அது வெறும் அபிப்பிராயம். வதந்திக்குத் தெரியாதவன் வேண்டும். இதற்குத் தெரிந்தவன் வேண்டும். ஊர்வாயில் புழங்கும் ஒரு வசனத்தின் உயிர்நிலை இதுதான் என்பது என் திடமான எண்ணம். நோயின் கணிதத்தை அப்படியே தூக்கி இதன் மேல் வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

வெறுமனே தெரிந்திருந்தாலும் போதாது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த அடுக்கைப் 'பொது அறிவு' என்று சொன்னால் போட்டித் தேர்வு ஞாபகம் வந்துவிடும். 'கூட்டாகத் தெரிந்திருத்தல்' என்று வைத்துக்கொள்வோம். மைக்கேல் சுக்-யங் சுவே என்ற ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட நூலில், சடங்குகளும் திருவிழாக்களும் இதைத்தான் உற்பத்தி செய்கின்றன என்று வாதிட்டார். எல்லாரும் ஒரே இடத்தில் கூடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒன்றைக் கேட்பதால் வருவது அது.

சினிமாக் கொட்டகை இதற்கென்றே கட்டியதுபோல இருக்கிறது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைத் தொடங்கிய நாளிலிருந்து, இருட்டில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நொடியில் சிரிப்பது இந்த ஊருக்குப் பழக்கம். பக்கத்துச் சீட்டின் சிரிப்பு காதில் விழும்போது, 'இதை நான் மட்டும் ரசிக்கவில்லை' என்பது உறைக்கிறது. தனியாக ஒரு புத்தகத்தில் படித்த நகைச்சுவைக்கு இந்தச் சாட்சி கிடையாது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்தச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்த சாதனங்கள். 'விதி' (1984) படத்தின் வசன கேசட் டீக்கடைதோறும் ஓடிய காலம் ஒன்று இருந்தது. நோம்பி சாட்டினால் ரேடியோ செட் கட்டி, பாட்டுக்கு நடுவே வசனமும் போடுவார்கள். 1993இல் சன் டிவி, 2001இல் கே டிவி, 2009இல் சிரிப்புக்கென்றே ஆதித்யா. ஒரே காட்சியை ஒரு வீடு மொத்தமும், ஒரு தெரு மொத்தமும், வருஷக்கணக்கில் பார்த்தது. இந்த மெதுவான உழைப்பை இணைய வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

டேமன் சென்டோலா 2010இல் வெளியிட்ட சோதனை இங்கே உதவும். 1,528 பேரை இருவித வலைப்பின்னல்களில் அமர்த்தினார். ஒன்றில் நண்பர்கள் ஒருவருக்கொருவரும் நண்பர்கள்; மற்றதில் தொடர்புகள் எங்கெங்கோ சிதறியவை. நோய் என்றால் சிதறிய வலையில்தான் வேகமாகப் போகும். புதுப் பழக்கமோ நெருங்கிய வலையில்தான் அதிகம் பற்றியது: 54 சதவீதம், மற்றதில் 38. ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். மூன்று பேர் சொன்னால் நாமும் சொல்லத் தொடங்குகிறோம். பீளமேடு, அவினாசி சாலைப் பக்கத்துக் கல்லூரி ஹாஸ்டல்களில் ஒரு வசனம் இரண்டே வாரத்தில் மொத்த மாடியின் பேச்சாகிப் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அறையில் நாலு பேர், மெஸ்ஸில் அதே நாலு பேர், பஸ்ஸிலும் அவர்களே.

இணையம் வந்ததும் கூடுதலாகக் கிடைத்தது படம். கவுண்டமணியின் முகம், கீழே ஒரு வரி. குரலை மிமிக்ரி செய்யத் தெரியாதவரும் இப்போது அந்தக் குரலில் பேசலாம். படிப்பவர் மனசுக்குள்ளேயே அது ஒலித்துவிடும். பிரதியெடுப்பதும் சுளுவானது. அப்படியானால் பிழையே இல்லாமல் பரவுமா? ஃபேஸ்புக்கில் லாடா அடாமிக் குழுவினர், 2009இல் அமெரிக்காவில் மருத்துவச் சீர்திருத்தத்தை ஆதரித்துப் பரவிய ஒரே ஒரு வாசகத்தைத் தடம் பிடித்தார்கள். 11.4 லட்சம் பதிவுகளில் 1,21,605 வடிவங்கள் இருந்தன. ஒவ்வொரு முறையும் 100க்கு 11 பிரதிகள் ஏதோ ஒரு விதத்தில் மாறின. வெட்டி ஒட்டும் வசதி இருந்தும் மனிதக் கை சும்மா இருப்பதில்லை. தன் பேரைச் சேர்க்கும், ஒரு சொல்லைத் தன் ஊருக்கு மாற்றும். காலி இடத்தோடு பிறந்த வசனங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. அவை மாறினாலும் அடையாளம் போகாது.

இவை அனைத்தும் ஒரே நாளில் கூடி வந்த சம்பவம் ஒன்று உண்டு. 2019 மே மாதக் கடைசி. சிவில் எஞ்சினியரிங் மாணவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பேர் என்று கேட்டிருந்தார்கள். தமிழ் இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். இதன் பேர் சுத்தியல்; எதையாவது அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும்; ஜமீன் அரண்மனையில் பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையை இது பதம் பார்த்துவிட்டது, பாவம் மனுஷன். சித்திக் இயக்கிய 'ஃபிரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழும் காட்சி அது. அதன் கீழே, இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பு வந்தது. அங்கிருந்து 'பிரே ஃபார் நேசமணி' என்ற முழக்கம் கிளம்பி, மே 29 அன்று ட்விட்டரில் உலக அளவில் மேலே வந்தது. அடுத்த நாள் நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பிரதமர் பதவி ஏற்கும் விழா. அந்தச் செய்தியோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரு சினிமா காண்ட்ராக்டரின் மண்டைக்காயம் நின்றது.

இதை இணையத்தின் வேகத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். வேகம் ஒரு பகுதிதான். 18 வருஷம் டிவியில் அந்தக் காட்சி ஓடியிராவிட்டால், பதில் எழுதியவரின் ஒரு வரி யாருக்கும் பிடிபட்டிருக்காது. மதுரைப் பேச்சுப் பேசும் வடிவேலுவின் நேசமணியைக் கொங்குப் பையனுக்கும், தஞ்சாவூர்க்காரருக்கும், கோலாலம்பூரில் இருப்பவருக்கும் ஒரே அளவில் தெரிந்திருந்தது. விறகு காய்ந்து அடுக்கித் தயாராக இருந்தது. அன்றைக்கு விழுந்தது ஒரே ஒரு பொறி. இன்னொன்றும் நடந்தது. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, அவர் உடல்நிலை பற்றி உருக்கமாக எழுதினார்கள். தெரியாதவர்கள், யார் இந்த நேசமணி என்று உண்மையாகவே கேட்டார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் தெரிந்தவர்களுக்குப் புதிய விருந்து. வெளியாள் ஒருவர் கேட்கும்போதுதான் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது உள்ளே இருப்பவர்களுக்கே தெரிகிறது.

சில நாட்களில் அது அடங்கியது. 2009இல் ஜோனா பெர்கர், கேயல் லெ மென்ஸ் இருவரும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் 100 ஆண்டுக்கு மேற்பட்ட குழந்தைப் பெயர்ப் பதிவுகளை ஆராய்ந்து, சட்டென்று ஏறிய பெயர்களே சட்டென்று இறங்கின என்று காட்டினார்கள். இது மோகம், நாளைக்கு இருக்காது என்று மக்கள் கணித்துவிடுகிறார்கள். அந்தக் கணிப்பே அதை முடித்துவைக்கிறது. நேசமணிக்கான பிரார்த்தனை அந்த வகை. கவுண்டமணியின் வரிகள் யாரும் கவனிக்காத வேகத்தில் ஏறியவை; 30 வருஷம் கழித்தும் மோகம் என்று அவற்றை யாரும் சந்தேகிக்கவில்லை.

வசனத்தோடு கூட வட்டாரப் பேச்சும் ஏறிக்கொண்டு போகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் ஊர். அங்கே இருந்தவரை யாரும் தங்கள் பேச்சைத் தனியாக நினைக்கவில்லை. போருக்கும் வேலைக்குமாக வெளியூர் போய்ப் பிறர் சிரிப்பதைக் கேட்ட பிறகுதான் அது 'பிட்ஸ்பர்க் பேச்சு' ஆனது, பிறகு டிஷர்ட்டில் அச்சேறியது என்று பார்பரா ஜான்ஸ்டன் எழுதியிருக்கிறார். நூற்பாலைகளின் ஊரான கோவையிலும் கதை அதிகம் மாறவில்லை. 'சதி லீலாவதி' (1995) படத்தில் கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசிய கொங்குத் தமிழைத் தமிழ்நாடே கேட்டது. நடிகர் விஜய்யின் பேச்சில் 'ங்ணா' ஓர் அடையாளமாகவே ஒட்டிக்கொண்டது. பெங்களூர் ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்குப் போன பொள்ளாச்சிப் பையன், அறைத்தோழர்கள் 'சொல்லுங்ணா' என்று தன்னைக் கிண்டல் செய்யும்போதுதான், தான் இத்தனை நாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்ததைக் கவனிக்கிறான். பிறகு அவனே வாட்ஸ்அப்பில் 'ங்' போட்டு எழுதத் தொடங்குகிறான், ஊரில் இருந்தபோது எழுதியதைவிட அதிகமாக. ஜேக்கப் ஐசென்ஸ்டைன் குழுவினர் 2014இல் 10.7 கோடி ட்வீட்டுகளை வைத்துச் செய்த ஆய்விலும், புதுச் சொற்கள் பக்கத்து ஊருக்கு மட்டும் நடந்து போவதில்லை, மக்கள்தொகையின் அமைப்பில் ஒத்த நகரங்களுக்கிடையே தாவுகின்றன என்று தெரியவந்தது.

பேக்கரியில் சிரித்த அந்தக் கல்லூரிப் பையனுக்கு இருபது வயது இருக்கலாம். 'சூரியன்' வந்தபோது அவன் பிறக்கவில்லை. படத்தை முழுசாகப் பார்த்திருக்கவும் மாட்டான்; ஒயர் அறுந்த டெலிபோன் எப்படி இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியாது. பன்னிக்குட்டி ராமசாமி தன் அவமானத்தை மறைக்கச் சொன்ன வரி அது. இந்தப் பையன் செமஸ்டரில் அரியர் விழுந்த நண்பனின் தோளில் கை போட்டு, "காலேஜ்ல இதெல்லாம் சாதாரணமப்பா" என்று ஆறுதலாகச் சொல்கிறான். நண்பனும் அதை ஆறுதலாகவே எடுத்துக்கொள்கிறான்.